டாலண்ட் தொலைநோக்கி: மரக்குழாய், பித்தளை, இரட்டை லென்ஸ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடந்ததோ, பழைய பொருள் கடையில் வாங்கியதோ, மரமும் பித்தளையுமாக ஒரு தொலைநோக்கி கைக்கு வந்து, அதன் பித்தளையில் ‘டாலண்ட், லண்டன்’ என்று பொறித்திருந்தால் எல்லாருக்கும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கழற்றவோ துடைக்கவோ நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பகுதிகளைப் படித்துவிட்டுப் பிறகு கை வையுங்கள். இருநூறு வருஷம் தாங்கிய பொருள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் வீணாகிவிடக்கூடும்.

டாலண்ட் என்பது கம்பெனி பெயரா, ஆள் பெயரா?

குடும்பப் பெயர். ஜான் டாலண்ட் 1706-இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பிறந்தவர். பிரான்சிலிருந்து மதத்துன்பம் தாங்காமல் வந்து குடியேறிய ஹியூகனாட் குடும்பம். பட்டு நெசவு குலத்தொழில். ஜானும் தறியில் உட்கார்ந்தவர்தான். கணிதத்தையும் ஒளியியலையும் தானாகவே படித்துக்கொண்டார். மகன் பீட்டர் 1750-இல் கண்ணாடிக் கருவிகளுக்கான கடை ஒன்றைத் திறந்தார்; 1752-இல் தந்தையும் நெசவை விட்டுவிட்டு மகனோடு சேர்ந்தார். 1758-இல் நிறப்பிழை (பிம்பத்தைச் சுற்றி நிறக்கரை தெரியும் குறை) நீக்கிய லென்ஸுக்குக் காப்புரிமை, அதே ஆண்டு ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் கழகத்தின் காப்ளி பதக்கம், 1761-இல் அந்தச் சொசைட்டியின் உறுப்பினர் பதவி. அதே 1761 நவம்பரில் இறந்துபோனார்.

ஆகவே உங்கள் கையில் இருப்பதை ஜானே செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடையை வளர்த்தவர் பீட்டர். 1820-இல் இறப்பதற்குச் சற்று முன்புவரை தொழிலில் இருந்தார். அடுத்து வந்தவர் அவருடைய சகோதரி மகன் ஜார்ஜ் ஹக்கின்ஸ். தொழிலுக்காகத் தன் பெயரையே ஜார்ஜ் டாலண்ட் என்று மாற்றிக்கொண்டார், 1852-இல் காலமானார். பெயர் அதோடு நிற்கவில்லை. 1927-இல் டாலண்ட் அண்ட் எய்ட்சிசன் என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனமாகி, 2009-இல் பூட்ஸ் நிறுவனத்தோடு இணையும்வரை இங்கிலாந்துக் கடைத்தெருக்களில் அந்தப் பெயர்ப்பலகை இருந்தது.

அப்படி என்னதான் புதுசாகச் செய்துவிட்டார்கள்? தொலைநோக்கி அதற்கு முன்னாலேயே இருந்ததே?

இருந்தது. ஆனால் ஒற்றைக் குவிலென்ஸ் வழியாகப் பார்த்தால் எந்தப் பொருளைச் சுற்றியும் சிவப்பும் நீலமுமாக ஒரு கரை தெரியும். ஒவ்வொரு நிறமும் கண்ணாடியில் ஒவ்வொரு அளவு வளைவதால் எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. இதைக் குறைக்க லென்ஸின் வளைவைக் குறைத்து, குழாயை நீட்டிக்கொண்டே போனார்கள். டான்ஸிக் நகரத்தில் ஹெவேலியஸ் என்ற வானியலாளர் 150 அடி நீளத்துக்குக் கட்டினார். காற்றடித்தால் ஆடும், எதையும் பார்க்க முடியாது. ஒளி வளைந்தால் நிறம் பிரிந்தே தீரும் என்பது நியூட்டனின் முடிவு. அதனால் பலரும் லென்ஸை விட்டுவிட்டு ஆடித் தொலைநோக்கிக்குப் போய்விட்டார்கள்.

ஜான் டாலண்டும் முதலில் நியூட்டன் பக்கம்தான். 1757-இல் தானே செய்து பார்த்தார். இரண்டு கண்ணாடித் தகடுகளை ஆப்பு வடிவத் தொட்டியாகச் சேர்த்து, கோணத்தைக் கூட்டிக் குறைக்கும்படி அமைத்து, தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு கண்ணாடிப் பட்டகத்தைத் தலைகீழாக இறக்கினார். தண்ணீர் ஒரு பக்கம் வளைக்க, கண்ணாடி மறுபக்கம் வளைக்க, கடைசியில் ஒளி வளையாமல் நேராக வரும் நிலை வந்தது. நியூட்டன் சொன்னபடி அப்போது நிறமும் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. அப்படியென்றால் வளைவும் நிறப்பிரிவும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை அல்ல; இரண்டு வகைக் கண்ணாடியைச் சரியாகச் சேர்த்தால் நிறத்தை மட்டும் ரத்து செய்துவிட்டு வளைவை மிச்சம் வைத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு வகை: சாதாரண ஜன்னல் கண்ணாடி இனமான கிரவுன், ஈயம் கலந்த ஃபிளிண்ட். நிறப்பிரிவு எண் கிரவுனுக்குச் சுமார் 60, ஃபிளிண்டுக்குச் சுமார் 36 என்று வைத்துக்கொள்வோம் (எண் குறைந்தால் நிறம் அதிகம் பிரியும்). மொத்தக் குவியத் தொலைவு 900 மி.மீ. வேண்டுமானால், கிரவுன் குவிலென்ஸ் 360 மி.மீ., ஃபிளிண்ட் குழிலென்ஸ் 600 மி.மீ. என்று அமையும். கையில் பிடிக்கிற அளவுக் குழாயில் கரையில்லாத பிம்பம் கிடைப்பது இந்த ஒரு ஜோடியால்தான். பித்தளையும் மரமும் அதைத் தாங்குகிற வீடு மட்டுமே.

ஆனால் முதலில் கண்டுபிடித்தவர் வேறு ஒருவர், டாலண்ட் திருடிவிட்டார் என்கிறார்களே?

முதலில் செய்தவர் வேறு ஒருவர் என்பது சரி. எஸெக்ஸைச் சேர்ந்த வழக்கறிஞர் செஸ்டர் மூர் ஹால் 1730-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே ஜோடியைக் கணக்கிட்டுவிட்டார். ரகசியம் வெளியே போகக் கூடாதென்று கிரவுன் லென்ஸை ஒரு கடையிலும் ஃபிளிண்ட் லென்ஸை இன்னொரு கடையிலும் தேய்க்கக் கொடுத்தார். இரண்டு கடைக்காரரும் வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே தொழிலாளியிடம் தள்ளிவிட்டார்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு என்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்றும் பாஸுக்குப் புரிந்துவிட்டது. ஹால் அதை விற்கவோ எழுதவோ இல்லை.

தந்தை இறந்த பிறகு பீட்டர் காப்புரிமையை வைத்து மற்ற கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட ஆரம்பித்ததும் இந்தப் பழைய கதை மேலே வந்தது. 1764-இல் 35 லண்டன் கண்ணாடிக்காரர்கள் சேர்ந்து காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். 1766-இல் சாம்ப்னீஸ் என்பவர் மேலான வழக்கில் தீர்ப்பு பீட்டருக்குச் சாதகமாக வந்தது: பெட்டிக்குள் பூட்டி வைத்தவரைவிட, உலகம் பயன்படும்படி வெளியே கொண்டுவந்தவருக்கே காப்புரிமை என்பதுதான் அதன் சாரம். 1772-இல் காப்புரிமைக் காலம் முடிந்தது. எங்கள் கருத்தில், யோசனை ஹாலுடையது; அது ஏன் வேலை செய்கிறது என்று சோதனையால் நிரூபித்து, நல்ல தரத்தில் நூற்றுக்கணக்கில் செய்து கொடுத்தது டாலண்ட் குடும்பம். திருட்டு என்று சொல்வது அந்தச் சோதனைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுவது.

முழுக்கப் பித்தளையில் செய்யாமல் ஏன் மரக்குழாய்?

அந்தக் காலத்தில் பித்தளைக் குழாயைத் தகட்டை உருட்டி, ஓரங்களைப் பற்றவைத்துத்தான் செய்தார்கள். பெரிய விட்டத்தில், ஓர் அடி இரண்டடி நீளத்தில், நேராகவும் வட்டமாகவும் செய்வது கஷ்டம், கனமும் கூட. மகாகனி மரம் நிலையானது, இலேசானது, குளிரிலும் கையைச் சுடாது. அதனால் வெளிக்குழாய் மரம், உள்ளே நீண்டு சுருங்கும் குழாய்கள் மட்டும் பித்தளை.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பித்தளைக் குழாயை அச்சு வழியாக இழுத்து ஒரே சீராகச் செய்யும் முறை பரவியதும், மூன்று நான்கு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சட்டைப்பை ரகங்கள் பெருகின. ஆகவே நீண்ட மரக்குழாய், ஒரே ஒரு பித்தளை இழுகுழாய், அதில் பற்றவைத்த கோடு தெரிகிறது என்றால் பொதுவாக முந்தைய காலம். குட்டை மரக்குழாய், பல இழுகுழாய்கள் என்றால் பிந்தையது.

உள்ளே மொத்தம் எத்தனை லென்ஸ் இருக்கணும்?

கையில் பிடித்துத் தரைக்காட்சி பார்க்கும் சாதாரண ரகத்தில் ஆறு. முன்பக்கம் ஜோடியாக இரண்டு. கண் பக்கத்துக் குழாயில் நான்கு: கண்ணருகே ஒரு சிறு உறையில் இரண்டு, அதற்கு முன்னால் இன்னொரு உறையில் இரண்டு. இந்த இரண்டாவது உறைதான் தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்துகிறது. அந்த உறைக்குள் நடுவில் சிறு துளையுள்ள ஒரு தடுப்பு வட்டு இருக்கும். அதைக் குப்பை என்று எடுத்துப் போட்டவர்கள் உண்டு. போட்டால் பிம்பம் வெளுத்துவிடும்.

பீட்டர் டாலண்ட் இரண்டு கிரவுன் லென்ஸ்களுக்கு நடுவே ஒரு ஃபிளிண்ட் வைத்த மூன்றடுக்கு முன் லென்ஸையும் செய்தார்; 1765-இல் ராயல் சொசைட்டிக்கு அதைப் பற்றி எழுதினார். அப்படிப்பட்டது கையில் இருந்தால் மொத்தம் ஏழு.

எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்? எங்கேயும் எழுதலையே.

ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். தொலைவில் இருக்கும் ஒரு கட்டடத்தைத் தெளிவாக்கி நிறுத்துங்கள். பிறகு தொலைநோக்கியைப் பகல் வானத்துக்கு நேராக (சூரியன் இல்லாத திசையில்) வைத்து, கண் பக்கத்திலிருந்து ஒரு முழத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். கண்ணருகே ஒரு சிறிய வெள்ளை வட்டம் மிதக்கும். அதன் விட்டத்தை மெல்லிய காகிதத்தில் விழவைத்து மி.மீ. அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். முன் லென்ஸின் திறந்த விட்டத்தை இதால் வகுத்தால் உருப்பெருக்கம். முன் லென்ஸ் 40 மி.மீ., வட்டம் 2 மி.மீ. என்றால் 20 மடங்கு.

உள்ளே இருக்கும் தடுப்பு வட்டுகள் முன் லென்ஸின் ஓரத்தை மறைத்தால் கணக்கு தப்பும். முன் லென்ஸ் மேல் ஒரு பென்சில் முனையை ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே நகர்த்துங்கள். வெள்ளை வட்டத்தில் அதன் நிழல் எப்போது தெரிய ஆரம்பிக்கிறதோ அதுவரை உள்ள ஓரம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்த அளவை இரண்டு பக்கமும் கழித்துக்கொள்ளுங்கள்.

‘பகல் அல்லது இரவு’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கு. இரவில் பார்க்கிற விசேஷக் கண்ணாடியா?

கண்ணாடி ஒன்றுதான். கடலில் அந்தி வெளிச்சத்திலும் பார்க்கும்படி முன் லென்ஸ் பெரிதாக, உருப்பெருக்கம் குறைவாக இருக்கும். அதைத்தான் அப்படிச் சொன்னார்கள். அந்தக் காலக் கண்ணாடிகளுக்கு இப்போதைய நீலப் பூச்சு கிடையாது. ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி திரும்பிப் போய்விடும். ஆறு லென்ஸுக்குப் பன்னிரண்டு பரப்பு. உள்ளே போன ஒளியில் ஏறக்குறைய 61 விழுக்காடுதான் கண்ணுக்கு வரும். இரவுக்கென்றே செய்த சில தொலைநோக்கிகளில் நிமிர்த்தும் லென்ஸ்கள் இரண்டையும் விட்டுவிட்டு, 72 விழுக்காடு ஒளியை வாங்கிக்கொண்டு, தலைகீழ்ப் பிம்பத்தோடு சமாளித்தார்கள். உங்களுடையது தலைகீழாகக் காட்டினால் உடனே கெட்டுப்போனது என்று முடிவு கட்டாதீர்கள். லென்ஸ்களை எண்ணிப் பாருங்கள்.

பெயர் பொறித்திருந்தால் அசல்தானே?

பெயரை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பீட்டர் உயிரோடு இருந்தபோதே அந்தப் பெயருக்கு அத்தனை மவுசு. வேறு பட்டறைகளில் செய்த மட்டமான தொலைநோக்கிகளில் அதே பெயரை வெட்டி விற்றார்கள். சிலர் வழக்குக்குப் பயந்து ஓர் எழுத்தை மாற்றினார்கள்: ஓ வரவேண்டிய இடத்தில் ஏ, இரண்டு எல் வரவேண்டிய இடத்தில் ஒரு எல். இவையும் இருநூறு வருஷப் பழசு என்பதால் பார்வைக்குப் பழசாகவே இருக்கும்.

வேலைப்பாட்டைப் பாருங்கள். அசலில் எழுத்துகள் கையால் உளி கொண்டு வெட்டியவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பள்ளத்தின் அடி கூராக, தடித்த கோடும் மெல்லிய கோடும் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிப் போகும். மரைகள் மெல்லியவை, ஒரு சுற்றுக்குள் பிடிக்கும், ஆட்டம் இருக்காது. இழுகுழாயை வெளியே இழுத்து விட்டால் தானாகச் சரியாமல் நின்ற இடத்தில் நிற்கும். அது நுழையும் வாயில் சிறு கீற்றுகள் வெட்டிய பித்தளை வில்வளையம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே முன் லென்ஸ். போலியில் பெரும்பாலும் அங்கேதான் காசை மிச்சம் பிடித்திருப்பார்கள்.

‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன் 1917’ என்று போட்ட ஒன்று, மரப்பெட்டியோடு கிடைச்சது. டாலண்ட் மாதிரியே பழசா?

இல்லை, அலங்காரப் பொருள். கெல்வின் அண்ட் ஹியூஸ் என்று அந்த இரண்டு பெயர்களும் சேர்ந்ததே 1940களில்தான். 1917-இல் அப்படி ஒரு நிறுவனம் இல்லை. உத்தரகாண்டின் ரூர்க்கியில் பித்தளைக் கப்பல் கருவிகளின் மாதிரிகள் செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு. நல்ல கைவேலைதான், மாதிரி என்று சொல்லி விற்கிறவரை தவறும் இல்லை. அதையே பழம்பொருள் என்று விற்பதுதான் ஏமாற்று.

கண்டுபிடிக்க: அசலில் வருஷம் பொறிப்பது வழக்கமில்லை. கூட்டல் குறி போட்ட திருகாணி இருந்தால் அது 1930களுக்குப் பிறகுதான். பித்தளை எல்லா இடத்திலும் ஒரே சீரான காப்பி நிறத்தில் இருந்தால் அமிலம் போட்டு வரவழைத்தது. உண்மையான பழமை, கை படும் இடத்தில் வெளுத்தும் மூலைகளில் கறுத்தும் இருக்கும்.

முன் லென்ஸ் ஜோடியா ஒற்றையா என்று கழற்றாமல் எப்படிப் பார்ப்பது?

அறையை இருட்டாக்கி, ஒரு சிறு டார்ச்சைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, முன் லென்ஸில் அதன் பிரதிபலிப்புகளை எண்ணுங்கள். தொலைநோக்கியை மெதுவாகச் சாய்த்தால் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று நகரும். சில கூடவே வரும், சில எதிர்த்திசையில் ஓடும். இரண்டு புள்ளி என்றால் ஒற்றை லென்ஸ். நான்கு என்றால் நடுவில் காற்று இடைவெளியுள்ள ஜோடி; பழைய டாலண்ட் இப்படித்தான். இரண்டு பளிச்சென்றும் ஒன்று மிக மங்கலாகவும் இருந்தால் பிசின் வைத்து ஒட்டிய ஜோடி; கனடா பால்சம் பிசினால் ஒட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கம். ஆறு புள்ளி தெரிந்தால் மேலே சொன்ன மூன்றடுக்கு. அப்போது பொருளைப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

பித்தளை கறுத்திருக்கு. புளி போட்டு விளக்கலாமா?

வேண்டாம். புளி, எலுமிச்சை, விளக்குத் தேய்க்கும் பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு வெறும் பித்தளை. தொலைநோக்கி அப்படி இல்லை. சாராயத்தில் கரைத்த அரக்கைச் சூடான பித்தளை மேல் மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். அந்தத் தேன் நிறம் பித்தளையுடையது அல்ல, அரக்குடையது. புளியின் அமிலம் அரக்கு உரிந்த இடத்தில் புகுந்து துத்தநாகத்தை அரித்தெடுத்து, செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்புத் திட்டாக்கிவிடும். பொடி போட்டுத் தேய்த்தால் பொறித்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கும். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான்.

செய்ய வேண்டியது: லென்ஸ்களைக் கழற்றிய பிறகு, பழைய பருத்தி வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தோடு துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது. பச்சைக் களிம்பு இருக்கும் இடத்தில் மட்டும் மூங்கில் பல்குச்சியால் சுரண்டி, ஒரு துளி மினரல் எண்ணெய் வைத்துத் துடைக்கலாம். ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள்; அரக்கு அதில் கரையும்.

மரை இறுகிப்போச்சு, திறக்கவே வரல. இடுக்கி போடலாமா?

இடுக்கி போட்டால் வளையம் நீள்வட்டமாகும். நீள்வட்டமான மரை இன்னும் இறுகும். வெறும் கையாலும் அழுத்திப் பிடிக்காதீர்கள், அதே காரணம்தான். சைக்கிள் டியூப்பை இரண்டு அங்குல அகலத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் சுற்றி, அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள். வரவில்லையென்றால் வெளி வளையத்தை மட்டும் ஹேர் டிரையரால் கை தாங்கும் சூடுவரை காட்டி மறுபடி முயலுங்கள். மூன்றாவது வழி, துருநீக்கும் எண்ணெய் ஒரே ஒரு துளியைக் குண்டூசி முனையால் மரை விளிம்பில் வைத்து, லென்ஸ் பக்கம் வழியாதபடி சாய்த்து ஓர் இரவு விடுவது. முன் லென்ஸ் வளையத்தை இப்படித் திறக்கும்போது சூடு காட்ட வேண்டாம். ஒட்டிய ஜோடியாக இருந்தால் பிசின் இளகும், ஃபிளிண்ட் திடீர்ச் சூட்டில் வெடிக்கும்.

இழுகுழாய் சிக்குவது பெரும்பாலும் ஒடுக்கு விழுந்ததால். எண்ணெய் விட்டால் அந்த நேரத்துக்கு நகரும், பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகி நிரந்தரமாக நிற்கும். குழாயைத் துடைத்து, தேன்மெழுகை விரல் நுனியால் தடவி, தடவியது தெரியாதபடி துடைத்துவிடுங்கள். ஒடுக்கை, உள்விட்டத்துக்குச் சரியாகக் கடைந்த மர உருளையை உள்ளே செலுத்தி, வெளியிலிருந்து வழவழப்பான எலும்பாலோ மரத்தாலோ தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சுத்தியல் கூடாது.

எல்லாம் கழற்றி, துடைத்து, மாட்டிட்டேன். இப்போ முன்னைவிட மங்கலாகத் தெரியுது. என்ன ஆச்சு?

ஏதோ ஒரு லென்ஸ் திரும்பிப் போயிருக்கிறது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நடுப்பகுதி தெளிவாக, ஓரம் மட்டும் கலங்கியிருந்தால் கண் பக்க லென்ஸில் ஒன்று திரும்பியிருக்கும். கண்ணருகே உள்ள உறையில் இரண்டு லென்ஸுக்கும் உப்பிய பக்கம் முன் லென்ஸை நோக்கியும் தட்டைப் பக்கம் கண்ணை நோக்கியும் இருப்பதே வழக்கம். நடுப்பகுதியே எங்கு நிறுத்தினாலும் கூராகவில்லை என்றால் முன் ஜோடி முழுதாகத் திரும்பியிருக்கிறது, அல்லது ஜோடிக்குள் ஒன்று மட்டும் புரண்டிருக்கிறது. நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிந்தால் வளையத்தை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டீர்கள். லென்ஸ் தன் கூட்டுக்குள் காகிதக் கனத்துக்கு ஆட வேண்டும், காதருகே வைத்து ஆட்டினால் மிக இலேசாக ‘டிக்’ என்று கேட்கலாம்.

இனி கழற்றுகிறவர்களுக்கு: ஒரு நேரத்தில் ஓர் உறை மட்டும். ஒவ்வொரு லென்ஸின் விளிம்பிலும் மென்மையான பென்சிலால் கண் பக்கம் நோக்கி அம்புக்குறி. முன் ஜோடியின் இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒரு சாய்கோடு. அதனால் திசையும் தெரியும், ஒன்றுக்கொன்று எவ்வளவு சுழன்றிருந்தன என்பதும் தெரியும். பல பழைய ஜோடிகளில் தேய்த்தவரே இப்படி ஒரு குறி போட்டிருப்பார், துடைத்து அழித்துவிடாதீர்கள். எந்த லென்ஸ் முன்னால் என்று பொது விதி சொல்லிக் கேட்காதீர்கள். கிரவுன் முன்னாலும் உண்டு, ஃபிளிண்ட் முன்னாலும் உண்டு.

லென்ஸில் பனி படர்ந்த மாதிரி இருக்கு. பூஞ்சணமா?

மூன்றில் ஒன்றாக இருக்கும். சிலந்தி வலை மாதிரிக் கிளைத்த நூல்கள் என்றால் பூஞ்சணம். கடலோர ஊர்களில் சகஜம். காற்று ஊதும் பம்பால் தூசியை நீக்கிவிட்டு, 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு நனைத்த பஞ்சை இரண்டு நிமிடம் வைத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சுற்றில் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான். நூல் போன பிறகும் அதன் தடம் கண்ணாடியில் பொறித்தது போல நின்றால் விட்டுவிடுங்கள், பார்வைக்கு அது பெரிய தடையில்லை.

ஓரத்திலிருந்து உள்ளே வரும் பனிப்பூ வடிவமோ வானவில் வளையமோ என்றால் ஒட்டிய பிசின் விட்டுக்கொண்டிருக்கிறது. ஒட்டியதைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைக்கக் கூடாது, பிரித்து ஒட்டுவது வீட்டு வேலையும் அல்ல. மூன்றாவது, ஃபிளிண்டின் முகத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு மெல்லிய கறை. ஈயக் கண்ணாடிக்கு வயசானால் வருவது. அந்தக் கறை ஒளியைக் கெடுப்பதில்லை. அதைப் பளபளப்பாக்கித் தேய்த்தால் லென்ஸின் வளைவு போய்விடும், பிறகு அது டாலண்ட் தேய்த்த லென்ஸ் இல்லை.

கண்ணாடிக்குள் சிறு குமிழிகளும் மயிரிழை மாதிரிக் கோடுகளும் தெரிந்தால் குறையாக நினைக்காதீர்கள். ஒரே சீரான ஃபிளிண்ட் கிடைப்பது அப்போது அத்தனை அரிது. பெரிய லென்ஸ் செய்ய முடியாமல் மூன்று, நான்கு அங்குலத்திலேயே அந்தத் தலைமுறை நின்றதற்கும் அதுவே காரணம்.

மரக்குழாயில் நீளவாக்கில் வெடிப்பு. ஃபெவிக்விக் விடலாமா?

கூடாது. மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப அகலத்தில் சுருங்கும், விரியும். பித்தளை வளையம் அசையாது. ஏசி அறையில் வைத்த தொலைநோக்கி அதனால்தான் வெடிக்கிறது. உடனடிப் பசை விட்டால் வெடிப்பு அங்கே நின்று, பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்பும், பசையையும் திரும்ப எடுக்க முடியாது. அசல் வேலை மிருகத்தோல் வச்சிரத்தால் ஒட்டியது. வெந்நீர் ஒற்றடத்தில் இளகும், மறுபடி ஒட்டலாம். மயிரிழை வெடிப்பென்றால் ஏசி இல்லாத, வெயில் படாத அலமாரியில் இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள். பல தடவை தானே மூடிக்கொள்ளும். மரத்துக்குத் தேன்மெழுகு போதும், வார்னிஷ் அடிக்க வேண்டாம்.

கண் பக்கத்தில் திருகும் கறுப்புக் கண்ணாடி இருக்கு. அதை வைத்துச் சூரியனைப் பார்க்கலாமா?

ஒருபோதும் கூடாது. அந்தக் காலத்தில் சூரியனுக்கென்றே கொடுத்ததுதான். ஆனால் அது இருப்பது ஒளி குவியும் இடத்துக்கு அருகில். சூடேறி நொடியில் விரிசல் விட்டால் அடுத்த நொடி கண்ணுக்குள் குவிந்த வெயில். அகச்சிவப்பை அது தடுக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. குழந்தைகள் கை எட்டும் இடத்தில் தொலைநோக்கி இருந்தால் அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தனியே பூட்டி வையுங்கள்.

இதில் வானத்தில் என்னவெல்லாம் தெரியும்?

கையில் பிடித்தால் ஒன்றும் நிற்காது. 20 மடங்குக்கு முக்காலி வேண்டும். மரக்குழாயின் நடுவில் துணி சுற்றி, மெத்தென்ற பட்டையால் கட்டுங்கள், இறுக்கும் இடுக்கி வேண்டாம். நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு துணைக்கோள்கள், கார்த்திகைக் கூட்டம் எல்லாம் நன்றாகத் தெரியும். 30 மடங்குக்கு மேல் போனால் சனிக்கு வளையம் இருப்பதை உணரலாம். வளர்பிறை நிலவின் ஓரத்தைப் பாருங்கள்: நல்ல ஜோடி லென்ஸ் என்றால் அந்த ஓரம் கிட்டத்தட்ட வெள்ளையாகவே முடியும்.

நம்ம ஊருக்கும் டாலண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 1786-இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி தன் வீட்டில் வைத்திருந்த வானாய்வுக்கூடம், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வுக்கூடமாக எழுந்தது. அங்கே கருவி நின்ற கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. 1830-இல் பொறுப்பேற்ற டி.ஜி. டெய்லருக்கு வந்த புதிய கருவிகள் டாலண்ட் பட்டறையில் செய்தவை. அவற்றைக் கொண்டு அளந்த நட்சத்திரங்கள்தான் 1844-இல் வெளியான, 11,015 விண்மீன்கள் அடங்கிய மதராஸ் அட்டவணை.

இன்னொன்று, 1769 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார் பிரெஞ்சு வானியலாளர் ல ஜாந்தி. மதராஸ் ஆங்கிலேயர்கள் அவருக்கு மூன்றடி நீள நிறப்பிழை நீக்கிய தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினார்கள். கருவி நன்றாக இருந்தது. அன்று காலை மேகம் மூடிவிட்டது.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். பெட்டியில் போட்டு அனுப்பிவிடக் கூடாது. முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ரூர்க்கி மாதிரியை அனுப்புகிறவர்களும் வாங்கிய ரசீதை உடன் வையுங்கள். சுங்கத்தில் அது பழசு இல்லை என்று காட்ட வேண்டி வரும்.

முன் லென்ஸ் உடைஞ்சு போச்சு. புது லென்ஸ் போட்டால் மதிப்பு போயிடுமா?

பழைய லென்ஸ் போனபோதே பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் பார்க்க முடிகிற பொருளாக மீட்கலாம். துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி உறையில் போட்டு, என்று உடைந்தது என்று எழுதித் தொலைநோக்கியோடு வையுங்கள். குவியத் தொலைவு தெரிய: முன் லென்ஸ் இல்லாமல், தொலைவைப் பார்க்கும் அளவுக்கு இழுகுழாய்களை இழுத்து நிறுத்துங்கள். முன் வாயிலுக்குள் ஒரு சிறு எழுத்துக் காகிதத்தை நீண்ட குச்சியில் வைத்து நகர்த்தி, கண் பக்கம் வழியாக எழுத்து எங்கே கூராகத் தெரிகிறது என்று பாருங்கள். அந்த இடத்திலிருந்து முன் லென்ஸ் இருக்கை வரை உள்ள நீளமே குவியத் தொலைவு. அந்த அளவுக்கு இருபது முப்பது மி.மீ. முன்பின்னான, கூட்டுக்குள் தளர்வாக உட்காரும் புதிய ஜோடி லென்ஸ் ஒன்றை வாங்கிப் போடுங்கள். மிச்ச வித்தியாசத்தை இழுகுழாய் சரிக்கட்டும். லென்ஸ் பெரிதாக இருந்தால் லென்ஸைத் தேய்த்துச் சிறிதாக்குங்கள், பித்தளைக் கூட்டைக் குடையாதீர்கள்.